பெயர் மாற்றிய நேர்காணல்

அன்புள்ள பாப்பாவுக்கு,

நானும் அப்பாவும் சுகம். நீ சுகமா என்று எழுத வந்தேன், பேனா நின்றுவிட்டது. கேட்டால் சுகம் என்பாய். அது பதில் இல்லை என்று இப்போது தெரியும். அதனால் கேட்காமலே தொடங்குகிறேன்.

அப்பா கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிக்கொண்டு வந்தார், பல் போனால் சொல் போச்சு என்பார்களே, எனக்கு வீட்டில் சொல் போய் வருஷக்கணக்காகிறது, நஷ்டமில்லை என்று பல் மருத்துவரிடமே சொல்லியிருக்கிறார். மாடி வீட்டுக் குழாய் உடைந்து என் அலமாரியின் கீழ்த்தட்டு முழுக்க நனைந்தது. புத்தகங்களைத் துணிக்கொடியில் கவிழ்த்துப் போட்டேன், எதிர்வீட்டுத் தையல்காரர் பார்த்துவிட்டு, படிச்சது போதும்னு துவைச்சுப் போட்டுட்டீங்களா டீச்சர் என்றார். செய்தி இவ்வளவுதான். இனி எழுதப்போவது செய்தி இல்லை.

என்னிடம் புதிதாக ஓர் ஆய்வு மாணவி வந்திருக்கிறாள். எப்போதும் ஓடிக்கொண்டே இருப்பதால் துறையில் அவளுக்கு அவசரம் என்று பெயர். வேறொரு பல்கலைக்கழகத்தில் பாதி ஆய்வை முடித்தவள், அங்கே வழிகாட்டி ஓய்வு பெற்றதும் என்னிடம் மாறினாள். தூர தேசத்தில் இருக்கும் பிள்ளைகள் வீட்டோடு போனில் எதைப் பேசுகிறார்கள், எதைப் பேசாமல் விடுகிறார்கள் என்பது அவள் ஆய்வு. என்னிடம் வரும் முன்பே நேர்காணல்களை எடுத்து முடித்திருந்தாள். செவ்வாய்க்கிழமை வகுப்பில் அதில் ஒன்றை வாசித்தாள். முறைப்படி பெயர், ஊர், பெற்றோரின் தொழில் எல்லாம் மாற்றியிருந்தாள். பேசுகிறவள் ஒரு பெண். அவள் அம்மா வங்கி ஊழியர் என்று போட்டிருந்தது. அந்தப் பெண் சொல்கிறாள்: எங்கம்மா கேக்கறதுக்கு ஆமான்னு சொன்னா அடுத்த கேள்விக்குப் போயிடுவாங்க, இல்லன்னு சொன்னா துணைக்கேள்வி வரும், அதனால எல்லாத்துக்கும் ஆமாதான். வகுப்பு சிரித்தது. நானும் சிரித்தேன். சிரித்ததோடு நிற்கவில்லை. எழுந்து போய்ப் பலகையில் எழுதினேன். இந்த அம்மா அக்கறையில கேக்கல, பதில் வந்த நிம்மதிக்காகக் கேக்கறாங்க, இது பேச்சு இல்ல, கணக்கெடுப்பு என்றேன். எல்லோரும் குறித்துக்கொண்டார்கள். எனக்கு உள்ளூர ஒரு மிதப்பு. இன்றைக்கு நன்றாகச் சொல்கிறேன் என்று.

அவசரம் மேலே வாசித்தாள். பேசி முடிச்சதும் அம்மா போனை அணைக்க மறந்துடுவாங்க, நான் வைக்கமாட்டேன், கேட்டுக்கிட்டே இருப்பேன், அப்பா பக்கத்து ரூம்லேர்ந்து, மேலிடம் என்ன சொல்லுதுன்னு கேப்பாரு, நல்லாருக்காளாம், ஆராய்ச்சி ஜோரா போகுதாம்னு அம்மா சொல்வாங்க, அந்த ஜோராவை நான் சொன்னதே இல்ல.

மேலிடம்.

பெயரை மாற்றியிருந்தாள், ஊரை மாற்றியிருந்தாள். இதை மாற்றவில்லை. இதுவும் ஒரு பெயர் என்று அவளுக்கு எப்படித் தெரியும். உலகத்தில் வேறு எந்த அப்பா தன் பெண்ணை மேலிடம் என்று கூப்பிடுகிறார். தலையில் இடி விழுந்தது என்பார்கள். இடிக்குச் சத்தம் உண்டு. இதற்கு இல்லை. மின்விசிறி சுற்றுவது தெரிகிறது, காற்று வருவது தெரியவில்லை. கையில் மார்க்கர். பலகையில் என் கையெழுத்தில் உன் அம்மாவைப் பற்றி நான் எழுதியது.

அவள் நிறுத்தவில்லை. நீ ஆராய்ச்சியை விட்டுவிட்டாய் என்று அங்கேதான் என் காதில் விழுந்தது. பேக்கரியில் வேலை செய்கிறாய், விடியும் முன் போகிறாய், பிடித்திருக்கிறது என்று. முன்பின் தெரியாத பிள்ளைகளோடு உட்கார்ந்து, அவர்களில் ஒருத்தியாகக் கேட்டேன். வீட்ல தெரிஞ்சா என்ன ஆகும்னு நெனைக்கறீங்க என்று அவசரம் உன்னிடம் கேட்டிருக்கிறாள். நீ சொல்லியிருக்கிறாய்: அம்மாவுக்கு அதிர்ச்சியா இருக்காது, ஆய்வுப் பொருளா இருக்கும்.

மறுபடி சிரிப்பு. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். ஏதாவது சொல்ல வேண்டும். வாய் தானாகத் திறந்தது. நல்ல தரவு என்றேன். அதைச் சொன்னது நான்தான் பாப்பா. இத்தனை வருஷமாக அந்த நாற்காலியில் உட்கார்ந்து பழகிய வாய். மார்க்கருக்கு மூடி போடப் போனேன், பொருந்தவே இல்லை. வகுப்பை முடித்துவிட்டேன்.

மறுநாள் துறைத்தலைவரிடம் போய், இந்த ஆய்வுக்கு நான் வழிகாட்ட முடியாது, வேறு யாரிடமாவது மாற்றிவிடுங்கள் என்றேன். காரணம் கேட்டார். சொல்ல முடியாது என்றேன். ஊரெல்லாம் காரணம் கேட்டுத் திரியறது நீங்க, உங்ககிட்ட கேட்டா மட்டும் கிடையாதா என்று சிரித்தார். மாற்றிவிட்டார். அவசரம் என் அறை வாசலில் வந்து நின்றாள், முதல் முறையாக ஓடாமல். எங்கே தப்பு பண்ணினேன்னு சொல்லிடுங்க மேடம், ரெண்டாவது தடவை வழிகாட்டி மாறுது, எல்லாரும் என்னைத்தானே நெனைப்பாங்க என்று அழுதாள். உன் மேல ஒரு தப்பும் இல்ல என்றேன். நம்பவில்லை. வீட்டில் கூப்பிடும் செல்லப்பெயர்களையும் எல்லா நேர்காணலிலும் மாற்றிவிடு என்று மட்டும் பொதுவாகச் சொல்லி அனுப்பினேன். அது எதற்கென்று அவளுக்குத் தெரியாது. தெரியவும் கூடாது. நீ யாரென்று தெரியாது என்று உனக்கு அவள் கொடுத்த வாக்கில் மீதி இருப்பதை நானாவது காப்பாற்ற வேண்டும்.

அப்பாவிடம் சொல்லவில்லை. முகம் ஏன் இப்படி இருக்கு என்றார், தலைவலி என்றேன். அவரிடம் சொல்வதும் சொல்லாததும் உன்னுடையது. உன்னிடமும் சொல்லாமல் இருந்துவிடலாம் என்று இரண்டு நாள் யோசித்தேன். எனக்குத் தெரியும் என்பது உனக்குத் தெரியாமல் ஞாயிற்றுக்கிழமை உன்னோடு பேசினால் அது ஒட்டுக்கேட்பது. போனில் சொன்னால் என் பழக்கம் கேள்வியாகத்தான் வரும். அதனால் கடிதம், எழுதி முடித்ததும் படமெடுத்து அனுப்பிவிடுகிறேன்.

இனி இரண்டு விஷயம். எப்போது வேண்டுமானாலும் உன் நேர்காணலைத் திரும்பப் பெறலாம், காரணம் சொல்ல வேண்டியதில்லை, அவளுக்கு ஒரு வரி எழுதினால் போதும். இது ஆசிரியராகச் சொல்வது. அம்மாவாகச் சொன்னால், திரும்ப எடுக்காதே. ஒரு வாக்கியத்தைக்கூட நீ இழுத்து மூடவில்லை, கேட்டவளுக்குப் பயந்து பேசவில்லை. என்னோடு நீ அப்படிப் பேசிக் கேட்டதில்லை. எடுப்பதா வேண்டாமா என்று நீ முடிவு செய்ததை எனக்குச் சொல்லாதே.

ஏன் விட்டாய், எப்போது விட்டாய், மறுபடி சேர்வாயா, மூன்றும் நாக்கு நுனியில் நிற்கின்றன. விழுங்கிவிட்டேன். சுலபமாக இல்லை. அந்தத் துறையில் உனக்கு என்ன வலித்தது என்று எனக்குத் தெரியாது, நீ எடுத்ததும் என் துறையேதான், அதுதான் இன்னும் என்னை உறுத்துகிறது. யாரிடமும் இனி ஜோராகப் போகிறது என்று சொல்லமாட்டேன். கேட்டால் வேலைக்குப் போகிறாள் என்பேன். அது பொய் இல்லை.

தொட்டது துலங்கட்டும். உன் கைபட்ட மாவு நன்றாகப் பொங்கட்டும். நாள் முழுக்க நின்று செய்யும் வேலை, படுக்கும்போது காலுக்கடியில் தலையணை வைத்துக்கொள். அடுப்பிலிருந்து தட்டை எடுக்கும்போது ஈரத்துணியால் பிடிக்காதே, சூடு சட்டென்று கைக்கு ஏறிவிடும். காய்ந்த துணியை மடித்துப் பிடி.

அன்புடன்,
அம்மா