பாறையில் எழுதக் கூடாது என்று பாறையில் எழுதியது தொடர்பாக

அனுப்புநர்
பெயிண்டர்,
போர்டு எழுதும் கடை,
பேருந்து நிலையம் எதிரில்.

பெறுநர்
உதவி இயக்குநர் அவர்கள்,
பாறை ஓவியப் பாதுகாப்பு அலுவலகம்.

பொருள்: பாறையின் கை ஓவியங்களை அறுத்து எடுத்தது – பாறைக்குக் காவல் இருந்த பெண் மீது பழி போட்டது – கல்லை ஒப்படைக்கவும் பழியை நீக்கவும் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. முதலில் என் வெட்கக்கேடு. 'இப்பாறையில் எழுதுவது தண்டனைக்குரிய குற்றம்' என்று அந்தப் பாறையிலேயே மஞ்சள் எனாமலில் எழுதியவன் நான்தான். எழுதச் சொன்னவர் தாங்கள். பலகையில் எழுதி நடலாமே என்றதற்கு, "பலகையைத் தூக்கிட்டுப் போயிடுவாங்க, பாறையை எவன்யா தூக்குவான்?" என்றீர்கள். விடை இப்போது தெரிந்துவிட்டது. அன்று என் மனைவி என்னைக் கேட்ட கேள்விகளை மனுவில் சேர்க்க இயலாது.

2. மேலிடத்து ஆய்வு வருகிறது என்றதும் என் எழுத்து தங்களை உறுத்தியது. கல் அறுக்கும் மெஷினை ஏற்றி அந்த முகப்பையே அறுத்து இறக்கினீர்கள். பக்கத்திலிருந்த செங்காவிக் கைகளும் கூடவே வந்தன. ஆய்வுக்கு வந்தவரிடம் "திருட்டு" என்றீர்கள். இந்த விவகாரத்தில் தாங்கள் சொன்ன ஒரே உண்மை அது.

3. சென்ற வாரம் தங்கள் வீட்டுக்குப் பெயர்ப்பலகை எழுத வந்தேன். என் எழுத்து நீங்கி, கைகள் மட்டும் வார்னிஷ் பூசப்பட்டு, செருப்பு ஸ்டாண்டுக்கு மேல் நிற்கின்றன. "தொடாதீங்க, அழிஞ்சிடும்" என்று தங்கள் துணைவியார் என்னை எச்சரித்தார். பாதுகாப்பு விதி அறிந்தவர் அவ்வீட்டில் அவர் ஒருவரே.

4. பழியோ காவல் பெண் மீது. அறுத்த அன்று அவரைப் பயிற்சி என்று வெளியூர் அனுப்பியவர் தாங்கள். அவருடைய முன்னோர் ஐந்து குடும்பத்தார், குடும்பத்துக்கு ஒன்றாகப் பதித்த கைகள் அவை. விசாரணையில் எத்தனை கை என்று கேட்டபோது "அஞ்சு" என்றார். தங்கள் பதிவேட்டில் ஆறு. காவல் காத்த பொருளின் எண்ணிக்கையே தெரியாதவர் என்று வேலையை விட்டு நீக்கப் பரிந்துரைத்தீர்கள். "எங்க வீட்டுக் கை எத்தனைன்னு எனக்குத் தெரியாதாய்யா?" என்று அவர் கேட்டது பதிவாகவில்லை. ஆறாவது கைதான் 'சுண்டுவிரல் மடங்கிய அரிய சடங்குக் குறி, மூவாயிரம் ஆண்டுப் பழமை' என்று அறிக்கை எழுதி, தாங்கள் பாராட்டுச் சான்றிதழ் வாங்கிய கை.

5. ஆகவே திங்கட்கிழமை இறுதி விசாரணைக்கு முன் கல்லை ஒப்படைத்து, அப்பெண்ணின் மீதான குற்றச்சாட்டை எழுத்து மூலம் நீக்குமாறு வேண்டுகிறேன். பொருள்கள் தங்கள் கைக்கு வந்தபின் காணாமல் போவதால், இம்மனுவின் நகலைத் தங்கள் மேலதிகாரிக்கு முன்பே அனுப்பிவிட்டேன்.

நாள்: 14, வியாழக்கிழமை
இடம்: என் கடை

தங்கள் பெயர்ப்பலகையை இனி முடிக்கப் போவதில்லை என்று தெரிவிக்கும்,
(ஒப்பம்)
'கோணவிரல்' பெயிண்டர்

பி.கு.: ஆறாவது கை என்னுடையது. எழுத்துக்குப் பார்டர் போடும்போது ஏணி சறுக்கி, ரெட் ஆக்சைடு செம்பெயிண்ட் காயாத கையைப் பாறையில் ஊன்றினேன். பார்த்தவர் காவல் பெண் மட்டுமே. "விடுங்கண்ணே, யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்" என்றார். விசாரணையிலும் சொல்லவில்லை.