நான்காவது உறை

மார்ச் 4
மூன்றாவது வீடும் கைநழுவிப் போச்சு. வீட்டுத் தரகராக விற்கப் போனது நான். வாயைத் திறந்தது என் கணவர் டுவேன். "சமையலறைக் குழாய் ரெண்டு வருஷம்கூட தாங்காதும்மா" என்று வாங்க வந்த பெண்ணிடமே சொல்லிவிட்டார். ஓய்வுபெற்ற பிளம்பர், வேறென்ன சொல்வார்! ஜனவரியில் ஆளில்லாத வீட்டில் ஒருவன் என்னைக் கதவருகே மறித்து நின்றானே, அன்றிலிருந்து காவலுக்கென்று கூடவே வருகிறார். உண்மையில் எனக்கும் தனியே போகப் பயம்தான். சொல்லத்தான் வெட்கம்.

மார்ச் 6
டுவேனோடு ஒப்பந்தம் போட்டாச்சு. துப்பாக்கியை வெளியே தெரியாமல் நாள் முழுக்க இடுப்பில் வைத்திருக்க முடிந்தால், நான் தனியாகப் போகலாம். துப்பாக்கி இருக்கிறது, உறைதான் இல்லை. துப்பாக்கிக் கடைக்காரர் வெர்ன் ஒரு தோல் உறையை மாட்டச் சொல்லி, "குனிஞ்சு ஷூ கயிறு கட்டிப் பாருங்க ராக்ஸி" என்றார். குனிந்தேன். நிமிர முடியவில்லை. அப்படியும் வாங்கி வந்திருக்கிறேன் — ஏன்?

மார்ச் 9
காரில் உட்கார்ந்தால் விலாவில் குத்துகிறது, சனியன்.

மார்ச் 15
இரண்டாவது உறை, வயிற்றைச் சுற்றிக் கட்டும் பட்டை. தேவாலயத்தில் தோழி பெர்னிஸ் கட்டிப்பிடித்தாள். "என்னடி இது, இடுப்பு வலிக்குப் பட்டையா?" ஆமாம் என்றேன். தேவாலயத்தில் நின்றுகொண்டு பொய்! முதல் பாட்டு முடிவதற்குள் மூன்று வைத்தியம் சொல்லிவிட்டாள்.

மார்ச் 21
கணுக்கால் உறை. நொண்டுகிறேனாம். டுவேனுக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

மார்ச் 27
நான்காவது! மெல்லிய, கெட்டியான பிளாஸ்டிக். வலது இடுப்பில், சற்றுப் பின்னால். குண்டுகளை எடுத்துவிட்டு மாட்டிக்கொண்டு பாத்திரம் கழுவினேன், குனிந்தேன், டுவேனைக் கட்டிப்பிடித்தேன்.
"நீ எங்க வச்சிருக்கேன்னே தெரியலையே!" என்றார்.
"அப்போ திங்கக்கிழமை நீங்க வீட்லயே இருங்க."
அவர் மூஞ்சி தொங்கிவிட்டது, பாவம். துப்பாக்கியைப் பெட்டகத்தில் வைத்துப் பூட்டினேன்.

மார்ச் 30
தனியாகப் போனேன். பூட்டைத் திறக்கும் முன் இருபுறமும் பார்த்தேன். சட்டைக்கு மேலாக உறையைத் தொட்டேன். கெட்டியாக இருந்தது, போதும். அப்புறம் அந்த நினைப்பே வரவில்லை. இரட்டைக் குழந்தைகளோடு வந்த தம்பதியிடம், "குழாய் பழசு, மாத்தணும்" என்று நானே சொன்னேன். இருந்தும் வாங்குகிறார்கள்!

வீட்டுக்கு வந்து உறையைக் கழற்றினேன். காலி.

அடிப்பாவி! துப்பாக்கி வெள்ளிக்கிழமையிலிருந்து பெட்டகத்தில்தான் கிடக்கிறது. கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன். அப்படியானால் அந்த வீட்டில் நாள் முழுக்க எனக்குத் துணை நான் மட்டும்தான்.

கதவருகே டுவேன். "எப்படி இருந்துச்சு?"

"இருக்கிறதே தெரியலைங்க" என்றேன். இந்தத் தடவை பொய் இல்லை.