தயிர்ச்சட்டி மேல் ஒரு புல்லி

2001 காலண்டரிலிருந்து முடிந்துபோன மாதத்தைக் கிழித்து, அதன் பின்பக்கத்தில் ராசாமணி தாள் பொத்துக்கொள்ளும் அழுத்தத்தில் எழுதினாள். கணவன் குணசேகரன் காட்டு வேலை முடிந்து திரும்புமுன் அவள் பேளுக்குறிச்சிச் சந்தைக்குப் பஸ் ஏறிவிட வேண்டும்.

"ஏனுங்க, களி சட்டியில இருக்குது. கீரை கடைஞ்சு வெச்சிருக்கேன். கார் சாவி அரிசி டப்பா மேல.

இஞ்சின்ல பெல்ட்டைச் சுத்த வைக்க நீங்க புதுசா மாட்டுன சின்னப் புல்லிய மெக்கானிக் அருள்ராஜ் வந்து கழட்டிட்டு, பழசையே மாட்டிட்டாருங்க. சின்னதுல வண்டி பாயுமாம். ஆனா தண்ணி பம்பும் ஃபேனும் மெதுவாச் சுத்தி, மலையேறுறப்ப இஞ்சின் கொதிக்குமாம். பேட்டரியும் சார்ஜ் ஏறாதாம். மலைப் பள்ளிக்கூடத்துக்கு நீங்க ஏத்திட்டுப் போற சத்யா டீச்சர் 'இன்னும் வேகமாப் போகாதா'ன்னு கேட்டதுக்குத்தானே மாட்டுனீங்க? தினமும் கொண்டையூசி வளைவுல, வண்டி ஆறுற வரைக்கும் ரெண்டு பேரும் பலாமரத்தடியில உக்காந்து பேசுறது ஊருக்கே தெரியுதுங்க."

வாசல்வரை போனவள் திரும்பி வந்து, அடியில் மிச்சமிருந்த இடத்தில் நுணுக்கி எழுதினாள்:

"தயிர்ச்சட்டி மூடி மேல அந்தப் புல்லியத்தான் வெச்சிருக்கேன். நல்ல கனம், பூனை தள்ளாது.

திங்கக்கிழமை நானும் மலைக்கு வாரேன். டீச்சரைப் பின்சீட்டுல உக்காரச் சொல்லுங்க."