காலருக்கு வைக்கும் கேன்வாஸ்

என்னவளுக்கு,

புது இடத்துச் சாப்பாடு உனக்கு ஒத்துக்கொள்கிறதா? இங்கே பள்ளிச் சீருடை தைத்து மாளவில்லை. மிஷின் பெல்ட் இரண்டு தடவை அறுந்துவிட்டது.

"பொண்ணு ஏன் இப்பல்லாம் உங்க நெஞ்சு மேல தூங்கறதில்ல?" என்று போனில் கேட்டாய். முதுகுவலி என்று மழுப்பினேன்.

நீ வேலைக்குக் கிளம்பிப் போன மறுவாரம், கடையில் ஆட்கள் நிற்கும்போது, அளவு நாடாவைக் கழுத்தில் சுற்றிக்கொண்டே அவள் கேட்டாள்: "அப்பா, அம்மா மாதிரியே உனக்கும் மார் இருக்கே. நீயும் பால் குடுப்பியா?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான் சிரித்தேன். குழந்தை, அதற்கென்ன தெரியும்?

என் மார் பெருத்திருப்பதைப் பார்த்த டாக்டர் பயப்பட ஒன்றுமில்லை என்று சொன்னது உனக்கு நினைவிருக்கும். இருந்தாலும் அன்றே என் சட்டைகள் ஆறிலும், காலருக்கு வைக்கிற விறைப்பான கேன்வாஸை முன்பக்கம் உள்ளே வைத்துத் தைத்துவிட்டேன். கண்ணாடியில் தட்டையாகத் தெரிந்தேன். யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

மறுநாள் மதியம் வழக்கம்போல வந்து தலை சாய்த்தவள், "அட்டை மாதிரி குத்துதுப்பா" என்று எழுந்து போனாள். அப்புறம் வரவேயில்லை.

நேற்று ஆறு சட்டையையும் பிரித்தேன். தையல் போட்டதைவிடப் பிரிக்கத்தான் நேரமாயிற்று. பாயில் படுத்து, "வாடா கண்ணு, இப்ப குத்தாது" என்று கூப்பிட்டேன்.

தலையணையைக் கட்டிக்கொண்டு, கிட்டே வராமலே சொன்னாள்: "வேணாம்ப்பா. உனக்கு வெக்கமா இருக்கும்."

லீவு கிடைத்தால் வா.

உன் தையல்காரன்