மெத்தை காய்ந்த நாள்

ஜூலை 24

நாளை முதல் விடுமுறை. இன்றும் மூடுபனி. கடலிலிருந்து வந்து எங்கள் வயலில் உட்கார்ந்தால் மதியம்வரை எழுந்திருப்பதே இல்லை. ஜூலையில் கம்பளிச் சட்டை போட்டுக்கொண்டு எழுதுகிறேன்.

விடுமுறை ஆய்வுக்குத் தலைப்பு கொடுத்தேன்: ‘குளிரும் ஈரமும் உள்ள ஊரில் கலப்பினக் கஞ்சாச் செடி எப்படி வளர்கிறது?’ ஆசிரியர் கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி படித்தார். “சுசுனா, தக்காளி ஏதாவது பண்ணக்கூடாதாம்மா?”

எங்களுடையது போதையில்லாத வகை, இந்த நாரில்தான் கோவிலுக்குக் கயிறு திரிக்கிறார்கள், அப்பாவிடம் அரசு அனுமதி இருக்கிறது — ஒரே மூச்சில் சொன்னேன். கடைசி வரிசையிலிருந்து கெங்கோ, “ஏய் கஞ்சாக்காரி, மூச்சு விடு, செத்துடப்போற!” என்றான். எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான். ஆனாலும் தலைப்பை மாற்றவில்லை.

ஆகஸ்ட் 2

இன்று புரிந்தவை. தோச்சிகியிலிருந்து அப்பா கொண்டுவந்த தெற்கத்தி வகையின் நார் பட்டுப்போல இருக்கும். ஆனால் இங்கே விதை முற்றுவதற்குள் உறைபனி வந்து கொன்றுவிடும். வடக்கத்தி வகை சீக்கிரம் முற்றும், நார்தான் முரடு. இரண்டையும் கலந்தால்? அதற்குத்தான் மூன்று வருடமாகப் பாடுபடுகிறார்.

இதில் ஆண் செடி வேறு, பெண் செடி வேறு. வடக்கத்தி வரிசைகளில் ஆண்களைப் பிடுங்கிவிட்டார். தெற்கத்தி ஆணின் பூந்தூள் மட்டும் அந்தப் பெண்கள்மேல் விழ வேண்டும். தெற்கத்தி தாமதமாகப் பூக்குமே? அதற்குத் தினமும் நாலு மணிக்கே கறுப்புத் துணி போர்த்துகிறார். பகல் குறைந்துவிட்டது, இலையுதிர்காலம் வந்துவிட்டது என்று செடி நம்பிப் பூத்துவிடுகிறது.

ஏமாந்தோமென்று செடிக்கு எப்போதாவது தெரியுமா?

ஆகஸ்ட் 7

பனி. பனி. எழுத ஒன்றுமில்லை. சாக்ஸ் காயவில்லை.

ஆகஸ்ட் 11

வெயில்!! அம்மா கத்திக்கொண்டே எல்லா மெத்தைகளையும் வெளிக் கம்பியில் போட்டாள். இரவு என் மெத்தையில் முகம் புதைத்துப் படுத்தேன். சூடான ரொட்டி வாசனை.

ஆகஸ்ட் 14

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

பக்கத்துப் பால்பண்ணை ஒனோதெரா மாமாவின் கன்று வேலி தாண்டிவிட்டது. பிடிக்க ஓடினேன். மாட்டுக்கொட்டகைக்குப் பின்னால், குடையளவு இலைகள் கொண்ட களைகளுக்கு நடுவில், என்னைவிட உயரமாக ஒரு காட்டுக் கஞ்சா. ஆண். பூத்திருந்தது.

ஓடிப்போய் அப்பாவிடம் சொன்னேன்.

“தொட்டியா?”

“இல்லப்பா.”

“சட்டைய மாத்து. தலைக்குக் குளி. வயல் பக்கம் வராத.”

காட்டுச் செடியில் போதை உண்டு. அதன் தூள் நம் பெண்கள்மேல் விழுந்திருந்தால் விதையெல்லாம் வீண். அனுமதியும் போய்விடும்.

ஒனோதெரா மாமா சொன்னார்: “ராத்திரியோட ராத்திரியா பிடுங்கிப் புதைச்சிரு குனிஹிரோ. நான் பாக்கல. என் மாடும் பாக்கல.”

அப்பா அந்தச் செடியையே பார்த்துக்கொண்டு நின்றார். “செடியப் புதைக்கலாம்ணே. அதோட தூள் எங்க போச்சுன்னு தெரியாம நான் விதைய வித்தா, அது வாங்குறவன் வயல்ல இல்ல முளைக்கும்?”

சுகாதார அலுவலகத்துக்கு அவரே போன் செய்தார். அம்மா சாப்பிடவில்லை. சமையலறையில் அவள் குரல்: “இந்த வருஷமும் போச்சுன்னா நிலத்தைத் திருப்பிக் குடுத்துட்டு ஓபிஹிரோ டவுனுக்கே போயிரலாங்க. நான் கடையில வேலைக்குப் போறேன்.”

நான் கண்டுபிடிக்காமலே இருந்திருந்தால்? சீ, அப்படி யோசிக்கக் கூடாது. ஆனால் யோசிக்கிறேனே.

ஆகஸ்ட் 16

அதிகாரி நுமகுரா அக்கா வந்தார். ரப்பர் பூட்ஸ், பெரிய பை. செடியை வேரோடு பைக்குள் போட்டுக் கட்டினார். பல பூக்கள் காலி. தூள் ஏற்கனவே பறந்துவிட்டது.

“பனியில பூ திறந்தாலும் தூள் நனைஞ்சு ஒட்டிக்கும். நல்ல வெயில் என்னிக்கு அடிச்சுது?”

“பதினொண்ணாம் தேதி. அன்னிக்கு மட்டும்தான்” என்றார் அப்பா.

“காத்து எந்தப் பக்கம்?”

அப்பா தலையைச் சொறிந்தார். அம்மா முன்னால் வந்தாள். “மலைப் பக்கத்துலருந்துதான் மேடம். கொட்டகைப் பக்கத்துலருந்து அடிச்சா நான் மெத்தைய வெளிய போடவே மாட்டேன். ராத்திரி பூரா சாணி நாத்தத்துல எவ தூங்கறது?”

“என் மாட்டை எவ்வளவு நாளா மனசுல வச்சிருக்கம்மா நீ!” என்றார் ஒனோதெரா மாமா.

அதிகாரிக்கே சிரிப்பு வந்துவிட்டது. அப்புறம் சொன்னார்: “சாயங்காலம் காத்து திரும்பியிருக்கலாமே? மெத்தைய சாட்சின்னு என்னால எழுத முடியாதும்மா.” விதை முற்றட்டும், முத்திரை போட்டு எடுத்துப்போவோம், குளிர்காலத்தில் முளைக்கவைத்துச் சோதிப்போம், அதுவரை எதுவும் சொல்ல முடியாது.

ஆகஸ்ட் 17

கோதுமை மாவு, தண்ணீர் தெளிப்பான், தலைமுடி உலர்த்தி. காய்ந்த மாவு சமையலறையின் மறுமூலைவரை பறந்தது. நனைந்த மாவு நகரவே இல்லை. ஆக, பனி நாட்களைத் தள்ளிவிடலாம்.

ஆனால் மாவு பூந்தூள் அல்லவே. பதினொன்றாம் தேதி மாலை காற்றைப் பற்றி மாவு எதுவும் சொல்லவும் இல்லை. மெத்தையில் சாணி நாற்றம் இல்லை, அது நிஜம். இல்லை, இருக்கக் கூடாது என்று இப்போது ஆசைப்படுகிறேனா? இரண்டையும் எப்படிப் பிரிப்பது? ஆய்வில் ‘தெரியாது’ என்றே எழுதினேன். எழுதவே கஷ்டமாக இருந்தது.

(மாவைத் துடைக்க மதியம் முழுக்க ஆயிற்று.)

செப்டம்பர் 23

உறைபனிக்கு முன்பே விதை முற்றிவிட்டது! தண்டும் பூஞ்சை பிடிக்காமல் நின்றது. மூன்று வருடத்தில் முதல்முறை. அப்பா ஒரு விதையைப் பல்லில் வைத்து உடைத்து, கண்ணை மூடிக்கொண்டார். அவ்வளவுதான் அனுபவித்தார். நுமகுரா அக்கா மூட்டைக்கு முத்திரை போட்டு வண்டியில் ஏற்றிவிட்டார்.

பிப்ரவரி 9

இன்னும் சோதனை முடிவு வரவில்லை. அம்மா கடையிலிருந்து காலி அட்டைப் பெட்டிகள் வாங்கி வந்து, கூடத்தில் அடுக்குகிறாள். வீடு மாற்றத்தான்.

மே 29

பனி. சோதனையில் தேறித் திரும்பி வந்த மூட்டையின் முத்திரையை உடைத்து இரண்டு வரிசை விதைத்தோம்.

என் கையெழுத்து நன்றாக இருக்குமென்று அப்பா வரிசை முனையில் நட ஒரு சிறு மரப்பலகையையும் மையையும் நீட்டினார். “பேர் எழுது சுசு.”

“என்ன பேருப்பா?”

“மெத்தை.”

“சாமிக்குக் கட்டற கயித்துக்கு மெத்தைன்னா பேரு வைப்பாங்க? ஊரு சிரிக்கும்” என்று அம்மா திட்டினாள். திட்டிக்கொண்டே கூடத்துப் பெட்டிகளை ஒவ்வொன்றாகப் பிரித்துத் தட்டையாக்கி, களை வராமலிருக்க வரிசைகளுக்கு நடுவே விரித்தாள்.