செவ்வாய்க்கிழமை பிறக்கவிருந்த மேலாளர்

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். உங்கள் முழங்கால் வலி குறைந்ததா? நான் நலம். போனில் சொன்னால் அம்மா பதறிவிடுவாள் என்றுதான் எழுதுகிறேன்.

மருத்துவமனைக்கு நாங்கள் செய்யும் மென்பொருளில், தரவுத்தளத்திலிருந்து நோயாளிகளின் விவரத்தை எடுத்துச் செய்தி அனுப்பும் வரியை எழுதினேன். பிறந்த தேதி வேறு வகை, ரத்தப் பரிசோதனைக்கு வரவேண்டிய தேதி வேறு வகை என்று, எழுதியதில் பிழை பார்க்கும் கம்பைலர் அதை ஏற்கவே இல்லை. காலை முழுக்க மல்லுக்கட்டினேன். பொறுமை போய், அதன் கண்ணில் படாதபடி, தரவுத்தளத்திடம் விவரம் கேட்கும் வினவலை வெறும் எழுத்தாக எழுதி ஓட்டிவிட்டேன்.

நல்லவேளை, சோதனைச் செய்தி எங்கள் மேலாளருக்கு மட்டும் போனது. போனும் கையுமாக வந்து நின்றார்.

"நான் வர்ற செவ்வாய்க்கிழமைதான் பிறக்கப்போறேனாம். அதுக்கு வெறும் வயித்தோட வரணுமாம்!"

அலுவலகமே சிரித்தது. "இது நாளைக்கு நாலாயிரம் பேருக்குப் போக வேண்டியதும்மா," என்று அவர் சொன்னதும் ஓடிப்போய் அந்த வரியைத் திறந்து பார்த்தேன். இரண்டு தேதிகளையும் இடம் மாற்றிப் போட்டிருந்தேன். கம்பைலர் காலையிலிருந்து அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது. முறையாகத் திருத்தி எழுதினேன், முணுமுணுக்காமல் ஏற்றுக்கொண்டது. வேலைக்கு ஆபத்தில்லை.

ஒரு உதவி அப்பா. பேசி முடித்ததும் போனை வைக்க மறந்துவிட்டு, நீங்களும் அம்மாவும் சாவி எங்கே என்று சண்டை போடுவீர்களே, இனிமேலும் மறந்தே விடுங்கள். அதைக் கேட்டுக்கொண்டுதான் நான் சாப்பிடுகிறேன்.

பஸ் வந்துவிட்டது.

உங்கள் மகள்