மூன்று மாதத்துக்கு ஒருமுறை

மார்ச் 4, சனி. வவுனியா.
கொளுத்தும் வெயில். வார்ட்டில் மின்விசிறி ஓடவில்லை. பின்வழியில் சதைத்துண்டு வெட்டிச் சோதனைக்கு அனுப்பியதற்கு மறுமொழி திங்கள் வருமாம். வெளியே போக இயக்கத்திடம் பாஸ் எடுத்துத் தர்மபுரத்திலிருந்து இங்கே வந்து சேர்ந்ததே பெரும்பாடு. மனைவி சரசு எனக்குப் பிணையாக ஊரில் நிற்கிறாள். நான் திரும்பாவிட்டால் இயக்கம் அவளைத்தான் பிடிக்கும்.
மூலம் என்றே ஒரு வருடம் இருந்துவிட்டேன். இரத்தம் போனதற்குச் சைக்கிள் சீற்றைக் குற்றம் சொல்லி, இரண்டு தரம் மாற்றினேன். சைக்கிள் கடைக்காரனுக்குப் புத்தி வேறெங்கே போகும்!

மார்ச் 6, திங்கள்.
புற்று. மலக்குடலில்.
டொக்டர் ஏதோ சளித் தடிமன், காய்ச்சல் போலச் சொன்னார். நர்ஸ் மிஸ்ஸி தந்த தேத்தண்ணியை உடுத்திருந்த சாரத்தில் ஊற்றிக்கொண்டேன். சுட்டது கூடத் தெரியவில்லை.

மார்ச் 7, செவ்வாய்.
இரண்டு வழியாம்.
சின்னது: வயிற்றை வெட்டாமல், பின்வழியாலேயே கட்டியை மட்டும் எடுப்பது. சில நாளில் வீடு.
பெரியது: வயிற்றைத் திறந்து, குடலையும் எடுத்து, பின்வழியைத் தைத்து மூடி, மலம் போக வயிற்றில் பை. சாகும்வரை.
கொழும்பில் துளை போட்டுக் கமராவால் பார்த்துச் செய்கிறார்களாமே என்று கேட்டேன். பக்கத்துக் கட்டில்காரர் சொன்ன கதை. பித்தப்பைக்குச் செய்கிறார்கள், இதற்கு இன்னும் துணியவில்லை என்றார் டொக்டர்.
அப்படியென்றால் சின்னது என்றேன், யோசிக்காமல். கட்டி சிறிது, செய்யலாம் என்றார். பிறகுதான் தலையில் இடி.
"மூண்டு மாதத்துக்கு ஒருக்கா வந்து காட்ட வேணும். திரும்ப முளைச்சா உடன பிடிக்கோணும். வரேலாதெண்டா இதைச் செய்யாதேங்கோ. பெரிசெண்டா இப்பிடி அடிக்கடி வரத் தேவையில்லை."
இந்த ஒரு பாஸுக்கே எத்தனை நாள் அலைந்தேன்! பாதை நாளைக்குத் திறந்திருக்குமா என்பதே தெரியாது. ஊருக்குப் போகிற ஒருவரிடம் சரசுவுக்கு எல்லாம் சொல்லி அனுப்பினேன்.

மார்ச் 10, வெள்ளி.
பையோடு குந்தியிருந்து எப்படிச் சைக்கிள் ரியூப் ஒட்டுவது? மணக்கிறது என்று ஆட்கள் வேறு கடைக்குப் போவார்கள். என் வயிற்றை வெட்டுவதா இல்லையா என்பதைச் சோதனைச்சாவடி முடிவு செய்கிறது.
தாடி வளர்ந்துவிட்டது, சவர அலகு வாங்க வேண்டும்.

மார்ச் 14, செவ்வாய்.
தூறல். ஊரில் பக்கத்து வீட்டுப் பூமணி அக்கா கண் காட்ட வந்தவர், என்னையும் பார்க்க வந்தார். சரசு சொல்லிவிட்டதைக் குனிந்து மெதுவாகச் சொன்னார்.
"சின்னதைச் செய்துபோட்டு இஞ்சயே நிக்கட்டாம், தம்பி. திரும்பி வரவேண்டாமாம். பிணை தன்ர பாடாம்."
என்ன பெண் இவள். எனக்குக் காய்ச்சல் வந்தால் கிணற்றடிக்குக்கூட விட்டுப் போகமாட்டாள். அழுகை வந்தது, அக்காவுக்கு முன்னாலேயே அழுதேன்.
பின்னேரம் டொக்டர் வந்தார். பெரியதையே செய்யச் சொன்னேன். எப்போது வீட்டுக்குப் போகலாம் என்று கேட்டேன்.